விறாந்தையில் உதவிய அக்காவுக்கு

திருகோணமலையில் ஓர் அலுவலக விறாந்தை. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு விசேட கல்வி கேட்டுக் கடிதத்தோடு மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்த தாயை "கடிதம் போதாது" என்று திருப்பிவிட்டார்கள். அதில் என்ன போதாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா, நீங்கள் உங்கள் அலுவலை விட்டுவிட்டு அவவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தீர்கள்.

பிள்ளைக்குக் காதும் கண்ணும் பரிசோதித்தாச்சா என்றுதான் முதலில் கேட்டீர்கள். சரியான கேள்வி, காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் 'மந்தம்' என்ற பெயர்தான் விழுகிறது. பிறகு கடிதத்தில் "கவனமில்லை" என்பதை வெட்டி, "இரண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் விளங்கவில்லை, படம் காட்டினால் செய்கிறான்" என்று நீலப் பேனையால் எழுதினீர்கள். அதை வாசிக்கிற ஆசிரியருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியும்.

மருத்துவ அறிக்கையின் மூலப்பிரதியைக் கைவிடாமல் போட்டோ கொப்பியைக் கொடுங்கள், கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள் என்றீர்கள். முத்திரை இல்லாமல் கடிதம் தவறினால் திரும்ப முதலிலிருந்துதான். இப்படியான பிள்ளைகளுக்கான தனி வகுப்பு, அதாவது விசேட கல்வி அலகு, எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடமே கேட்கச் சொன்னீர்கள். மாற்றுத்திறனைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது என்று நீங்கள் சொன்னபோதுதான் அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தா.

பேனையையும் அவவிடமே விட்டுவிட்டுப் போனீர்கள். இது கண்ணில் பட்டால், மிக்க நன்றி அக்கா.