பழைய டீஃபால்ட்டையும் எடுத்து வை

அன்புள்ள நண்பா,

நலம், நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை தாமதமாகப் பதில் எழுதுவதற்கு நாம் மைன்கிராஃப்ட் விளையாட வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர்தான் காரணம். அங்கே நடந்ததைப் பூட்டுக்காரர் உனக்குச் சொல்லியிருப்பார். அவர் வாய்வழியாக வரும் செய்தி எந்த அளவில் வரும் என்பது நம் இருவருக்கும் தெரியும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். அதைவிட முக்கியமாக, "இனி என் சர்வரை அப்டேட் செய்யப் போவதில்லை, ஓடுகிற வரை ஓடட்டும்" என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரிக்கு மறுப்பு எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

சர்வரை வாடகைக்குத் தந்திருக்கும் நிறுவனம் புதிய பதிப்பை நிறுவியபோது, நம் ஃபோல்டரில் இருந்த, சர்வரின் அமைப்புகளையெல்லாம் சொல்லும் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை நீக்கிவிட்டுத் தன் அச்சில் வார்த்த கோப்பை அங்கே வைத்துவிட்டது. சர்வர் எந்தப் பிழையும் காட்டாமல் எழுந்து நின்றது. நடப்பதைப் பதிவுசெய்யும் லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை. காலையில் முதலில் உள்ளே போன சின்னவன், மனிதக் கை படாத காட்டின் நடுவே நின்றுகொண்டு, நாம் ஆண்டுக்கணக்கில் கட்டிய ஊர் முழுவதும் அழிந்துவிட்டது என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். பேராசிரியர் தன் நூலகத்துக்கு இரங்கல் உரையே எழுதத் தொடங்கிவிட்டார். அவர் எழுதியதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நிலையில்தான் நான் கோப்புகளைத் திறந்தேன்.

ஊர் அழியவில்லை. லெவல்-நேம் என்ற வரியில் நம் உலகத்தின் பெயர் இருந்த இடத்தில், "வேர்ல்ட்" என்ற டீஃபால்ட் பெயர், அதாவது யாரும் மாற்றாதபோது இருக்கும் பெயர், வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பெயரில் ஃபோல்டர் எதுவும் இல்லாததால், சர்வர் தன் கடமையைச் சரியாகச் செய்து, புதிய உலகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. நம் உலகம் பக்கத்து ஃபோல்டரில் ஒரு கல்கூட நகராமல் இருந்தது. நான் உண்மையில் நடுங்கியது அதற்கு அடுத்ததைக் கண்டுதான். வொயிட்-லிஸ்ட் என்ற வரி ட்ரூ என்பதிலிருந்து ஃபால்ஸ் என்று மாறியிருந்தது. அனுமதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் உள்ள வொயிட்லிஸ்ட்.ஜேசன் கோப்பு முழுமையாக, ஒரு பெயரும் குறையாமல் இருந்தது. ஆனால் அதைப் பார்த்து ஆளைத் தடுக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் ஒற்றை வரி போய்விட்டது. 25565 என்ற வழக்கமான போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) திறந்து கிடக்கும் சர்வர்களை இணையம் முழுக்கத் தேடித் திரியும் நிரல்கள் உண்டு என்பது உனக்குத் தெரியும். முன்பின் அறியாதவர்கள் இரவிலேயே உள்ளே வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் தகர்த்ததெல்லாம் அந்தப் புதிய காட்டை மட்டுமே. லெவல்-நேம் மாறாமல் வொயிட்-லிஸ்ட் மட்டும் மாறியிருந்தால், அந்த வெடிகள் நம் ஊரில் வெடித்திருக்கும். ஒரு கோளாறு மற்றொரு கோளாற்றின் விளைவைத் தாங்கிக்கொண்டது. அடுத்த முறையும் அப்படி வாய்க்கும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது.

இதைக் கேட்டதும் "பார்த்தாயா, அதனால்தான் நான் அப்டேட்டே செய்வதில்லை" என்று நீ சொல்வாய். 2021 டிசம்பரை நினைத்துப் பார். பல நிரல்கள் தங்கள் லாக்கை எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே என்ற நிரல் தொகுப்பில் இருந்த ஓட்டையால், சாட்டில் ஒரு வரியைத் தட்டினாலே போதும், சர்வரில் அந்நியர் விரும்பிய நிரலை ஓடவைக்க முடியும் என்று தெரியவந்தபோது, மைன்கிராஃப்ட் சர்வர்களே முதல் இலக்குகளில் இருந்தன. மைன்கிராஃப்டின் 1.18.1 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தபடி வந்தது. பழைய பதிப்பிலேயே இருக்க விரும்பியவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்பதும் உனக்கு நினைவிருக்கும்: 1.17-இல் சர்வரைத் தொடங்கும் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது; அதற்கு முந்தையவற்றில் பதிப்புக்கு ஏற்ப ஒரு தனிக் கான்ஃபிக் கோப்பை, அதாவது அமைப்புக் கோப்பை, தரவிறக்கி, அதைச் சுட்டும் சொல்லை அந்தக் கட்டளையில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்டேட் செய்யாமல் இருந்தவரும் கான்ஃபிக் வேலையிலிருந்து தப்பவில்லை என்பதே இதன் பொருள். அந்தத் தொடக்கக் கட்டளையை யாராவது பிறகு மாற்றி எழுதினால், ஓட்டை மறுபடியும் சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். ஆகவே அப்டேட்டைத் தவிர்ப்பது தீர்வாகாது.

உன் வழக்கமான ஏற்பாடு என்னவென்று எனக்குத் தெரியும். கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து "பழசு", "பழசு-புதுசு", "இதுதான் கடைசி" என்று பெயரிட்டு அடுக்கி வைப்பாய். அப்டேட் முடிந்ததும் அவற்றில் ஒன்றை எடுத்து மேலே வைத்துவிடுவாய். அந்தப் பெயர்களைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். நகல் எடுப்பது நல்லதுதான். ஆனால் பழைய கோப்பை அப்படியே புதிய பதிப்பின் மேல் வைப்பதில் நிறுவனம் செய்த தவற்றின் மறுபக்கம் இருக்கிறது. அவர்கள் உன் விருப்பங்களை அழித்தார்கள். நீ புதிய பதிப்பு சொல்ல வந்ததை அழிக்கிறாய். 1.18-இல், ஆடுபவரைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை உலகம் இயங்க வேண்டும் என்று சொல்லும் சிமுலேஷன்-டிஸ்டன்ஸ் என்ற அமைப்பு புதிதாக வந்தது. பழைய கோப்பில் அந்த வரி இருக்காது. சர்வர் தொடங்கும்போது அதற்குரிய டீஃபால்ட் மதிப்பான 10-ஐத் தானே எழுதிச் சேர்த்துவிடும். நீ எந்த முடிவும் எடுக்காமலே உன் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது, சர்வர் ஏன் திணறுகிறது என்று நீ வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பாய். சர்வர் அந்தக் கோப்பை மறுபடி எழுதும்போது, அதில் நீ இட்ட குறிப்புரைகளும் காணாமல் போகும். எதற்காக ஒரு மதிப்பை மாற்றினாய் என்பதை அந்தக் கோப்புக்குள் எழுதி வைக்காதே. வேறொரு கோப்பில் எழுது.

நான் இத்தனை நாள் யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதான்: இரண்டு கோப்புகளை ஒப்பிட்டால் குழப்பம், மூன்றை ஒப்பிட்டால் தெளிவு. உன் கோப்பையும் புதிய டீஃபால்ட்டையும் மட்டும் அருகருகே வைத்தால், அவை வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வேறுபாடு நீ வேண்டுமென்று செய்ததா, அவர்கள் புதிதாக மாற்றியதா என்று சொல்ல வழியே இல்லை. நீ எந்தப் பதிப்பிலிருந்து வருகிறாயோ அந்தப் பதிப்பின் தொடாத டீஃபால்ட் கோப்பும் கையில் இருந்தால், கேள்வி தானே விடை பெறுகிறது. பழைய டீஃபால்ட்டுக்கும் உன் கோப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு உன் விருப்பம். பழைய டீஃபால்ட்டுக்கும் புதிய டீஃபால்ட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவர்களுடைய மாற்றம். இரண்டும் ஒரே வரியில் மோதும் இடத்தில் மட்டும் நீ உட்கார்ந்து யோசித்தால் போதும்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நாம் இருவரும் பயன்படுத்தும் டெபியன் லினக்ஸில், மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி இந்த வேலையைக் காலம் காலமாகச் செய்துவருகிறது. ஒரு கான்ஃபிக் கோப்பு தொகுப்பில் வந்தபோது எப்படி இருந்தது என்பதன் கைரேகையை அது குறித்துவைத்துக்கொள்கிறது. நீ அந்தக் கோப்பைத் தொடவில்லை என்றால், புதியதைக் கேட்காமலே வைக்கிறது. நீ மாற்றியிருந்து அவர்கள் மாற்றவில்லை என்றால், உன்னுடையதை விட்டுவிடுகிறது. இருவரும் மாற்றியிருந்தால் மட்டுமே உன்னை நிறுத்திக் கேட்கிறது. அப்போதும் உன்னுடையதை வைத்துக்கொள்வதே அதன் இயல்பான பதில், புதியதை டிபிகேஜி-டிஸ்ட் என்ற பின்னொட்டோடு ஓரமாக வைத்துவிட்டுப் போகிறது. ஆர்ச் லினக்ஸில் பேக்நியூ என்ற பின்னொட்டுடன் புதிய கோப்பு வருவதும் இதே அறிவின் விளைவுதான். இத்தனை முதிர்ந்த பழக்கம் பக்கத்திலேயே இருக்கும்போது, விளையாட்டு சர்வர்கள் பலவற்றில் அது இல்லாதது எனக்குப் பெரிய மனக்குறை. ஸ்டீமிலிருந்து விளையாட்டு சர்வர்களை நிறுவும் ஸ்டீம்சிஎம்டியில் வாலிடேட் என்ற சொல்லைச் சேர்த்து அப்டேட் செய்தால், டீஃபால்ட் கோப்புகளின் பெயரிலேயே நீ திருத்தி வைத்திருப்பவை மேலெழுதப்படும். வால்ஹெய்ம் விளையாட்டின் சர்வரைத் தொடங்கும் ஸ்கிரிப்ட்டில்தான் உலகத்தின் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கின்றன. அப்டேட்டில் அது மாறக்கூடும் என்பதால் அதை வேறு பெயரில் நகலெடுத்தே பயன்படுத்த வேண்டும்.

நன்றாகச் செய்பவர்களையும் சொல்ல வேண்டும். ஃபேக்டோரியோ விளையாட்டு தன் மாதிரிக் கோப்பின் பெயரிலேயே எக்ஸாம்பிள் என்று எழுதி அனுப்புகிறது. நீ அதை நகலெடுத்து உன் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும், அப்டேட் உன் கோப்பைத் தொடாது, மாதிரிக் கோப்போ ஒவ்வொரு பதிப்பிலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதாவது மூன்று கோப்புகளில் ஒன்றை அவர்களே உனக்குத் தந்துவிடுகிறார்கள். பால்வேர்ல்ட் விளையாட்டும் டீஃபால்ட் கோப்பைத் தனியாக வைத்து, அதன் முதல் வரிகளிலேயே இதைத் திருத்தினால் பயனில்லை என்று எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் அந்தக் கோப்பையே திருத்திவிட்டு, மாற்றம் எடுபடவில்லை என்று உன் தம்பி இரவெல்லாம் புலம்பியதை அவனிடம் நான் நினைவூட்டியதாகச் சொல்.

மேலே சொன்ன முறை எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-இல் கேம்இன்ஃபோ.ஜிஐ என்ற கோப்பு நம்முடையது அன்று, விளையாட்டினுடையது. ஆனால் ப்ளக்இன்களை, அதாவது நாம் சேர்க்கும் துணை நிரல்களை, ஏற்றும் மெட்டாமாட் இயங்க அதில் நம் வரி ஒன்று இருந்தாக வேண்டும். அப்டேட் அந்தக் கோப்பைப் பழையபடி ஆக்கும்போது நம் வரி போய்விடும், சர்வர் ஓடும், ப்ளக்இன்கள் மட்டும் ஊமையாகிவிடும். பழைய கோப்பை எடுத்து மேலே வைத்தால், விளையாட்டு புதிதாகச் சேர்த்தது எதுவாயினும் அது போய்விடும். இங்கே கோப்பைக் காப்பதில் பயனில்லை; நம் வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கும் சிறு ஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் சர்வர் எழுவதற்கு முன் ஓடவைப்பதே வழி. ஆர்க் விளையாட்டின் சர்வரில் வேறு சிக்கல்: ஓடிக்கொண்டிருக்கும்போது கேம்யூசர்செட்டிங்ஸ் கோப்பைத் திருத்தினால், சர்வர் தன் நினைவில் உள்ளதை அதன் மேல் எழுதிவிடும். முதலில் நிறுத்து, பிறகு திருத்து.

எனக்கு மிகவும் கவலை தருவது மைன்கிராஃப்ட் ப்ளக்இன்களின் யாமல் வடிவ அமைப்புக் கோப்புகள். அந்த வடிவத்தில் வரியின் உள்தள்ளலுக்கு டேப் ஆகாது. அவசரத்தில் ஒரு டேப் நுழைந்துவிட்டால், ப்ளக்இன்களை ஏற்கும் பக்கிட் என்ற மைன்கிராஃப்ட் சர்வரின் வழி வந்த சர்வர்களில் அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல், லாக்கில் ஒரு பிழையை எழுதிவிட்டு, வெறும் டீஃபால்ட்டுகளோடு ப்ளக்இன் தொடங்கிவிடும். பிறகு அந்த ப்ளக்இன் தன் அமைப்புகளைச் சேமித்தால், நீ உழைத்து எழுதிய கோப்பின் மேல் டீஃபால்ட் எழுதப்படும். ஒரு எழுத்துப் பிழைக்கு முழுக் கோப்பும் தண்டனை. அந்த வழியில் வந்த பேப்பர் சர்வர் 2022-இல் 1.19 பதிப்போடு தன் பேப்பர்.யாமல் கோப்பைப் பிரித்து, கான்ஃபிக் என்ற ஃபோல்டருக்குள் இரண்டாக வைத்ததே, அதுபோன்ற மாற்றங்களில் உன் கோப்பு இருந்த இடமே செல்லாததாகிவிடுகிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துப் பழைய பெயரில் கோப்பை எழுதி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். புதிய பதிப்பைக் காலியான ஒரு ஃபோல்டரில் ஒருமுறை ஓடவிடுகிறேன். மைன்கிராஃப்ட் சர்வர் முதல் ஓட்டத்தில் உரிம ஒப்புதலைக் கேட்டு நின்றுவிடும், ஆனால் அதற்குள் சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை எழுதிவிடும். அந்தத் தொடாத கோப்பைப் பதிப்பு எண்ணோடு சேமிக்கிறேன். பிறகு கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவி தரும் மெர்ஜ்-ஃபைல் கட்டளைக்கு என் கோப்பு, பழைய டீஃபால்ட், புதிய டீஃபால்ட் என்ற வரிசையில் மூன்றையும் கொடுத்தால், மோதாதவற்றையெல்லாம் அதுவே இணைத்துவிடுகிறது. மோதுபவற்றைக் குறியிட்டுக் காட்டுகிறது. அந்தக் குறிகள் ஒன்றுகூட மிச்சமில்லை என்று உறுதிசெய்த பிறகே சர்வரைத் தொடங்குகிறேன். தொடங்கியதும் கான்ஃபிக் கோப்பை மறுபடியும் ஒப்பிட்டு, சர்வர் தானாக என்ன எழுதியது என்று பார்க்கிறேன். இந்தக் கடைசி ஒப்பீட்டைப் பலரும் செய்வதில்லை. சர்வர் எழவில்லை என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தவறான அமைப்போடு நன்றாக எழுந்த சர்வரைக் கண்டுகொள்ள இது ஒன்றுதான் வழி.

கான்ஃபிக்கின் பேக்கப்பும் உலகத்தின் பேக்கப்பும் ஒரே நேரத்தில், சர்வர் நின்றிருக்கும்போது எடுக்கப்பட்டவையாக இருக்கட்டும். புதிய பதிப்பு ஒருமுறை திறந்துவிட்ட உலகத்தைப் பழைய பதிப்பு பத்திரமாகத் திறக்கும் என்று நம்பக் கூடாது, 1.18-இல் உலகத்தின் அடித்தளமே மைனஸ் 64 வரை இறங்கியது, அதைத் திரும்ப ஏற்ற வழியில்லை. ஆகவே கான்ஃபிக்கை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோவது பின்வாங்கல் ஆகாது.

உன் சர்வரில் இப்போது ஓடும் பதிப்பின் எண்ணையும், உன் கான்ஃபிக் கோப்புகளையும் எனக்கு அனுப்பு. அந்தப் பதிப்பின் டீஃபால்ட்டுகளை நான் ஓடவிட்டு எடுத்துத் தருகிறேன். நீ எதை ஏன் மாற்றினாய் என்பது அப்போது உனக்கே வரிசையாகத் தெரியும். அனுப்பும் முன், சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ஆர்கான் வசதியின் கடவுச்சொல் இருக்கும் வரியை அழித்துவிடு. அந்தக் கோப்பில் அது பூட்டில்லாமல்தான் கிடக்கிறது. பேராசிரியரின் நூலகம் நலமாக இருக்கிறது, இரங்கல் உரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தம்பிக்கு என் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்