ரியோ போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஜூலையில் கல்லூரிக் குழுவோடு ரியோ டி ஜெனிரோ போகிறாய். பெட்டி அடுக்குவதற்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை முடித்துவிடு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அந்த நோய் நம் நாட்டில் இல்லை. பரப்பக்கூடிய கொசு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. மருந்து கோழிமுட்டையில் வளர்ப்பது. குழுவில் யாருக்காவது முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லட்டும்.

எனக்கு உண்மையான கவலை கடல்தான். கோபகபானா கடற்கரையில் கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று இறங்கும், அலை காலடியில் வந்து உடையும். ஜூலை அங்கே குளிர்காலம். தெற்கே புயல் வீசினால் வானம் தெளிவாக இருக்கும்போதே பெரிய அலைகள் வந்து மோதும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை நம்பித்தான் அங்கே இறங்குகிறார்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, அலை உடையும் இடம் வந்ததும் அலையோடு திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி நட்ட இடத்தில் முழங்கால் நனையக்கூட இறங்காதே. நீந்தத் தெரியாத பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடு.

கரை நெடுக உயிர்காப்போர் நிற்கும் கூண்டுகளுக்கு எண் உண்டு, 'போஸ்டோ' என்பார்கள். கோபகபானாவில் 2 முதல் 6 வரை, இபனேமா கடற்கரையில் 8, 9, 10. ஊர்க்காரர்களே சந்திக்கும் இடத்தை இந்த எண்ணால்தான் சொல்வார்கள். நீங்களும் காலையிலேயே ஒரு எண்ணைப் பேசி வைத்துக்கொண்டால் 4 கிலோமீட்டர் மணலில் ஆளைத் தேடி அலைய வேண்டாம். குடையும் நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும், உட்காரும் முன்பே விலை கேள். பாஸ்போர்ட்டை விடுதியில் பூட்டிவிட்டு நகல் கொண்டுபோ. போனை மணலில் வைத்துவிட்டு எல்லோரும் ஒரேயடியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள், ஒருவர் காவல் இருக்க வேண்டும். ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும்; அதற்குள் மணலை விட்டு ஏறிவிடுங்கள். அவசரத்துக்கு போலீஸ் 190, ஆம்புலன்ஸ் 192, உயிர்காப்போர் 193.

ஞாயிற்றுக்கிழமையைக் கரைக்கென்றே ஒதுக்கு. அன்று பகலில் கடலோரச் சாலையின் ஒரு பக்கத்தில் வண்டிகளை ஓடவிட மாட்டார்கள். குழந்தை, கிழவர், சைக்கிள், நாய் என்று ஊரே நடக்கும். அந்த ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல நாள் இல்லை.

கோர்கோவாடோ மலை 710 மீட்டர். மேகம் இறங்கினால் உச்சிக்குப் போயும் கிறிஸ்து சிலை தெரியாது. டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும் என்பதால், பயணத் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வைக்கச் சொல்.

சாப்பாட்டுக்கு எடை போட்டு விற்கும் கடைகள் வசதி, வேண்டியதை மட்டும் தட்டில் எடுக்கலாம். சைவப் பிள்ளைகள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியும் ஹாம் என்ற பன்றிக்கறியும் வந்துவிடும், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தவிர்க்க வேண்டும். கறுப்பு பீன்ஸில் பன்றிக்கறி சேர்ப்பது சாதாரணம். மரவள்ளி மாவைச் சூடான கல்லில் தூவித் தேங்காயோ சீஸோ வைத்துத் தரும் 'டாபியோகா' எல்லோருக்கும் ஒத்துவரும்.

நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, 'N' வகை அடாப்டர் வாங்கு. மின்சாரம் 127 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. இங்கிருந்து கொண்டுபோகும் கெட்டில் சரியாகச் சுடாது.

நேர வித்தியாசம் எட்டரை மணி. அங்கே காலை எட்டுக்குக் கூப்பிட்டால் இங்கே மாலை நாலரை. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா