லாக்-அவுட் நேரம் பொய் சொல்லாது

வங்கியின் மனிதவளத் துறைப் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். முன் அனுமதி வாங்காத ஓவர்டைம் பில்கள் ஏற்கப்படமாட்டா என்ற தங்கள் சுற்றறிக்கை கிளைகளுக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கணினியில் பதிவாகும் லாக்-அவுட் நேரத்தையே வேலை முடிந்த நேரமாகக் கொண்டு, கிளார்க்குகளுக்கு ஓவர்டைம் கொடுங்கள்.

மாலையில் கேஷ் கணக்கோடு ஒத்துப்போகாமல் இடிக்கும் என்று காலையிலேயே தெரிந்து அனுமதி வாங்க ஜோசியம்தான் படிக்க வேண்டும். கவுண்டரை மூடி எண்ணினால் 5,400 ரூபாய் குறைகிறது. இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும்; இதுவும் ஒன்பதால் வகுபடும் தொகை. அப்படியென்றால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 1,700 வரவு 7,100 என்று ஏறியிருக்கலாம். அது இல்லையா, பாதியாக்கி 2,700-க்கு வவுச்சர் தேட வேண்டும். 2,700 பட்டுவாடா தவறுதலாக வரவில் ஏறியிருந்தாலும் இதே 5,400 குறையும். அதிலும் அகப்படவில்லை என்றால் வவுச்சர்களை ஒவ்வொன்றாக டிக் அடித்து, நூறு நோட்டுக் கட்டுகளைப் பிரித்துத் திரும்ப எண்ண வேண்டும். அதுவரை ஸ்ட்ராங் ரூமைப் பூட்ட முடியாது. சாவி இரண்டு, ஆளும் இரண்டு. ஒருவர் தேட, மற்றவர் காத்திருக்க வேண்டும். கடைசிவரை கிடைக்காவிட்டால் கேஷியர் கைக்காசைப் போட்டு நேர்செய்கிறார். இப்படிப் போகும் இரண்டு மணி நேரத்துக்கும் சம்பளம் இல்லை, போட்ட காசும் திரும்பாது.

யார் எத்தனை மணிக்கு லாகின் செய்தார், எப்போது வெளியேறினார் என்பதெல்லாம் சர்வரில் இருக்கிறது. ஏதாவது தவறு நடந்தால் "இரவு 8.42-க்குத் தங்கள் ஐடியில் பதிவு" என்று சார்ஜ் ஷீட்டில் எழுதுகிறீர்கள். அங்கே செல்லுபடியாகும் 8.42, ஓவர்டைம் பில்லில் மட்டும் ஏன் செல்லாது?

இதற்குக் கிளைகளில் கண்டுபிடித்த குறுக்குவழி இன்னும் ஆபத்தானது. கிளார்க் 5.30-க்கு லாக்-அவுட் செய்துவிட்டு அதிகாரியின் ஐடியில் வேலையைத் தொடர்கிறார். வங்கி அதிகாரிகளுக்கான 1979-ஆம் ஆண்டுப் பணி விதிமுறைகளின் கீழ் வரும் அதிகாரிக்கு ஓவர்டைமே கிடையாது, அதனால் கணக்கில் செலவும் வராது. ஆனால் பதிவு செய்பவர் ஒருவர், அங்கீகரிப்பவர் இன்னொருவர் என்ற அடிப்படைக் காவலே அங்கே உடைகிறது. தணிக்கைக்காரர் வந்தால் மாட்டுவது பாஸ்வேர்டைக் கொடுத்தவர், அவரை அந்த நிலைக்குத் தள்ளியவர் அல்ல.

ஐந்து நாள் வாரத்துக்காகத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக உழைக்கத் தயார் என்று சங்கங்கள் சொல்லியிருக்கின்றன. எந்த நேரத்திலிருந்து 40 நிமிடம் என்பதையும் தாங்களே சொல்லிவிட்டால் நல்லது. பல கிளைகளில் 5.30 தாண்டித்தான் இன்சூரன்ஸ் டார்கெட்டுக்கான வீடியோ கான்பரன்ஸே தொடங்குகிறது. வாடிக்கையாளர் நேரம் வீணாகக் கூடாது என்ற தங்கள் அக்கறை புரிகிறது. பாலிசி விற்கத்தான் தேர்வெழுதி வேலைக்கு வந்தோமா என்பது வேறு கடிதத்துக்கான கேள்வி.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. கேஷ் டேலி, ஏடிஎம் நிரப்புதல், நகைக்கடன் பை சரிபார்ப்பு ஆகிய மூன்றினாலும் நேரமானால் முன் அனுமதி தேவையில்லை என்று சுற்றறிக்கையைத் திருத்துங்கள். லாக்-அவுட் பதிவை வைத்து ஓவர்டைம் தானாகச் சம்பளத்தில் சேரட்டும். அதிகாரிகளுக்கு அதே நேரத்தைக் கூட்டி ஈடுசெய் விடுப்பாகக் கொடுங்கள். தயவுசெய்து பதிலை எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிளை ஊழியர்கள்