27-ஆம் எண் வண்டிக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்பான பெர்த் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

நேற்று சாயங்காலம் 4 மணிக்கு எனக்கு சைன்-ஆஃப் கிடைத்துவிட்டது. இனிமேல் பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் இல்லாமல் நானே தனியாக இரும்புத் தாதுச் சுரங்கத்தில் டம்ப் டிரக் ஓட்டலாம். தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு நேரே கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து முகம் கழுவியதும் முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் முகங்கள்தான். நாளை வீட்டுக்குப் பறக்கும் நாள், வண்டி ஏற வேண்டியதில்லை. அதனால்தான் இந்த நேரத்தில் டோங்காவில் (கேம்பில் நாங்கள் தங்கும் சின்ன அறை) விளக்கைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த நாளிலிருந்து இன்றுவரை எங்களைத் தாங்கியவர்கள் நீங்கள் என்பதை மட்டும் எல்லோரும் அறியச் சொல்ல வேண்டும்.

நான் இல்லாத இரண்டிரண்டு வாரமும் என் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அழைத்துப் போன இரண்டு குடும்பங்கள். விடிகாலை 3 மணிக்கு எழுந்து என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, பிறகு தன் வேலைக்குப் போன அண்ணன். ஒயிட் கார்டு (கட்டுமான வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி அட்டை) வகுப்புக்கும் முதலுதவிச் சான்றிதழுக்கும் பணம் கட்டிவிட்டு, திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்தவர். என் பயோடேட்டாவை நாலு முறை திருத்தி, "முதியோர் இல்லத்தில் 4 வருடம் இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறாய், அதை ஏன் கீழே ஒளித்து வைத்திருக்கிறாய்? மேலே கொண்டு வா" என்று சொன்ன தம்பி. மருத்துவப் பரிசோதனைக்கு முந்தின வாரம் போன் செய்து, "இந்த வாரம் முழுக்கக் குருமாவில் கசகசா போடாதே, சிறுநீர்ச் சோதனையில் அபின் என்று காட்டிவிடும்" என்று எச்சரித்த அக்கா. அக்கா, நீங்கள் போன் செய்த அன்று அடுப்பில் குருமாதான் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படியே எடுத்து வைத்துவிட்டு எனக்கு ரசம் வைத்துக்கொண்டேன். இன்னும் எத்தனையோ பேர். ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து சொல்வேன்.

ஆனால் இந்த மடலில் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் பெரும்பாலும் ஓட்டுவது 27-ஆம் எண் வண்டி. அதனால் 27 என்றே எழுதுகிறேன். 61 வயது, பேரன் பேத்தி எடுத்தவர், வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழில் ஒரு சொல்கூட அவருக்குத் தெரியாது.

சுரங்க வேலைக்கு நான் போட்ட விண்ணப்பங்கள் 60-க்கு மேல். பதில் வந்தவை கொஞ்சம்தான். வந்தவற்றிலும் ஒரே கேள்வி: சைட்டில் எத்தனை வருட அனுபவம்? பல்லாயிரம் டாலர் கட்டினால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்ற ஓர் இடத்தில் முன்பணமும் கட்டி ஏமாந்தேன். (அனுபவமில்லாமல் இந்தப் பக்கம் வர நினைக்கும் தங்கைகளுக்குச் சொல்கிறேன்: காசு வாங்கிக்கொண்டு வேலை நிச்சயம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒருநாள் வகுப்பில் வாங்கும் ஒயிட் கார்டு, போலீஸ் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், நல்ல உடம்பு. தொடங்குவதற்கு இவை போதும்.) கடைசியில் கிடைத்தது யுட்டிலிட்டி வேலை. நியூமன் என்ற ஊர்ப் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர்கள் தங்கும் ஒரு கேம்ப். பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 1,200 கிலோமீட்டர், எங்கு பார்த்தாலும் செம்மண். டோங்காக்களைக் கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, மெஸ்ஸில் தட்டு கழுவுவது, பரிமாறுவது. 14 நாள் வேலை, 7 நாள் வீடு. சுரங்கத்தின் வாசலுக்காவது வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அரியலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் பள்ளிக்கூடம் இருந்த ரோட்டில்தான் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் போகும். லாரிச் சத்தம் கேட்டாலே அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிடுவார். இங்கே இரும்புத் தாது ஏற்றும் டம்ப் டிரக்கை முதன்முதலில் கிட்ட நின்று பார்த்தபோது, 6,000 கிலோமீட்டர் போல் தள்ளியிருந்தும் அப்பா கையை இழுப்பது போலவே இருந்தது. என் உயரம் 5 அடி 1 அங்குலம். அதன் சக்கரம் மட்டுமே என்னைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு தடவைக்கு 220 டன்னுக்குக் குறையாமல் சுமக்கும்.

மெஸ்ஸில் ஒருநாள் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது 27 கேட்டார்: "நீ எப்பவும் இங்கேயே இருக்கப் போகிறாயா?" கேள்வியில் குத்தல் இல்லை. நானும் மறைக்காமல் சொன்னேன். டிரக் ஓட்ட ஆசை, ஸ்டியரிங்கைக் கண்டு பயமில்லை, ரேடியோவைக் கண்டுதான் பயம். அதில் இவர்கள் பேசுவது எனக்குப் புரிவதில்லை, நான் பேசினால் இவர்களுக்குப் புரியாது. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவர் "ஏழரைக்கு என் அறைப் பக்கம் வா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போனேன். வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு வைத்திருந்தார். ஒன்றில் என்னை உட்காரச் சொன்னார். என் கையில் ஏசி ரிமோட்டைக் கொடுத்தார். அதுதான் ரேடியோ. அவர் கையில் தொலைக்காட்சி ரிமோட். "ரேடியோவில் உன் முகம் தெரியாது. சிரிக்கிறாயா, தலையாட்டுகிறாயா, எதுவும் தெரியாது. அதனால் நான் உன்னைப் பார்க்க மாட்டேன், நீயும் திரும்பாதே" என்றார்.

அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது ஐந்தே விஷயம். பட்டனை அழுத்தி ஒரு நொடி பொறு, இல்லாவிட்டால் முதல் சொல் விழுங்கிவிடும். யாரைக் கூப்பிடுகிறாய் என்பதை முதலில் சொல். அப்புறம் நீ யார். அப்புறம் என்ன வேண்டும். சொல்லி முடித்ததும் கட்டைவிரலை எடு. அவ்வளவுதான். என் உச்சரிப்பை அவர் ஒருநாளும் திருத்தவில்லை. "வேகமாகப் பேசாதே" என்று மட்டும் சொல்வார்.

அடுத்தடுத்த நாட்களில் மெஸ்ஸிலிருந்து தக்காளி சாஸ் பாட்டிலும் உப்புக் குப்பியும் வந்தன. தரையில் செம்மண்ணைக் கையால் குவித்து ரோடு போட்டார். சாஸ் பாட்டில்தான் டிகர், மண்ணை அள்ளிப் போடும் இயந்திரம். உப்புக் குப்பி என் வண்டி. ஓரத்தில் விரலால் மண்ணைக் கிள்ளிக் கிள்ளி வரப்பு மாதிரி கட்டினார். ரோட்டோரக் கரை சக்கரத்தின் பாதி உயரமாவது இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக எங்காவது கண்டால் உடனே சொல் என்றார். வண்டியைக் கிளப்புமுன் ஒரு ஹாரன், முன்னே நகரும்முன் இரண்டு, பின்னே எடுக்கும்முன் மூன்று. என் சின்னவன் இப்போது வீட்டில் நாற்காலியைப் பின்னால் தள்ளுமுன் மூன்று தடவை "பாம்" சொல்கிறான்.

ஒருநாள் அவர் வேண்டுமென்றே வாய்க்குள் மென்று பேசினார். ஒரு யூட் (சின்ன பிக்கப் வண்டி) என்னைத் தாண்டிப் போக அனுமதி கேட்பது போல. எனக்குப் பாதிதான் புரிந்தது. பழக்கதோஷத்தில் "எஸ், எஸ்" என்றேன். நாற்காலி கிரீச்சிட்டது. முதன்முறையாக அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. "இப்போது நீ அந்த யூட்டில் இருந்தவனைக் கொன்றுவிட்டாய்" என்றார். பெரிய வண்டிக்கு 50 மீட்டர் கிட்டே வருவதற்கு முன்னாலேயே சின்ன வண்டிக்காரன் ரேடியோவில் கேட்க வேண்டும், நாம் 'வா' என்று சொன்ன பிறகுதான் வர வேண்டும். அந்த உயரத்திலிருந்து நம் வலப்பக்கம் கீழே ஒரு காரே நின்றாலும் தெரியாது. அவன் உயிர் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. "புரியவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல். பத்துத் தடவை கேள். கேட்டதால் யாரும் சாகவில்லை."

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வந்து 9 வருடத்தில் எத்தனை இடத்தில் புரியாமலே "எஸ்" சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வங்கியில், டாக்டரிடம், பிள்ளைகளின் பள்ளியில், அந்த முன்பணம் கட்டிய இடத்தில். இரண்டாம் தடவை கேட்டால் நம்மை மட்டமாக நினைப்பார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம் என்று தெரிந்துதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இப்படி 6 ஸ்விங் (ஒரு ஸ்விங் என்பது 14 நாள் வேலைச் சுற்று). 27-க்கு முதல் வாரம் இரவு ஷிப்ட், இரண்டாம் வாரம் பகல். பகல் வாரத்தில் மட்டும்தான் அவரால் முடியும். ஏறக்குறைய 40 சாயங்காலம், ஒவ்வொன்றும் 20 நிமிடம்.

இதில் என்ன பெரிய உதவி என்று உங்களுக்குத் தோன்றலாம். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. நல்ல மனது, சும்மா இருக்கும் நேரத்தில் சொல்லித் தருகிறார் என்றுதான் நினைத்தேன். இப்போது நானே 12 மணி நேர ஷிப்ட் செய்கிறேன். காலை நாலேகாலுக்கு எழுந்து, பஸ் பிடித்து, மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதி, ஷிப்டுக்கு முந்தின கூட்டம் முடித்து, ஆறு மணிக்கு வண்டியில் ஏறினால், மறுபடி கேம்புக்கு வர மாலை ஆறே முக்கால். குளித்து, சாப்பிட்டு, வீட்டுக்கு ஒரு போன் பேசி, துணியை மெஷினில் போட்டால் கண் சொருகிவிடும். எட்டரைக்குப் படுத்தால்தான் நாளைக்கு ஓட்ட முடியும். தூங்காமல் இந்த வண்டியை ஓட்ட முடியாது, ஓட்டவும் விடமாட்டார்கள். அந்த ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில் இருக்கும் ஒரு மணி நேரம்தான் ஒருநாளில் மனுஷிக்கென்று மிஞ்சுவது. பேரனோடு பேசலாம், ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரலாம். அதிலிருந்துதான் 20 நிமிடத்தை அவர் எனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதுவும் மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்த, பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத ஒருத்திக்கு. பயிற்சிக்குச் சேர்ந்து முதல் வாரம் முடிந்த இரவு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. உடனே எழுந்து அவர் அறைக்கு ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் மணி எட்டே முக்கால். அவர் தூங்கிக்கொண்டிருப்பார். போகவில்லை.

அனுபவமில்லாதவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது முதலில் எனக்குச் சொன்னதும் அவர்தான். ஆனால் சிபாரிசு செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "உன்னைப் பற்றி என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வேன்" என்று மட்டும் சொல்லித் தன் நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னார். நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டார்கள்: ரேடியோவில் வந்தது புரியாவிட்டால் என்ன செய்வாய்? அந்த அறையில் நான் தடுமாறாமல் பதில் சொன்ன முதல் கேள்வி அது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் டம்புக்கு (மண்ணைக் கொட்டும் இடம்) பக்கத்தில் ஒரு யூட் என்னைக் கூப்பிட்டது. குரல் உடைந்து உடைந்து வந்தது, எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தினேன். "மறுபடி சொல்லுங்கள்" என்றேன். மறுபடியும் புரியவில்லை. "வராதீர்கள், அங்கேயே நில்லுங்கள்" என்றேன். மூன்றாம் தடவைதான் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பின்னால் இரண்டு டிரக் காத்து நின்றன. யாரும் திட்டவில்லை. பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல் தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

நேற்று சைன்-ஆஃபுக்கு அப்புறம், ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்ததால் ஒரே ஒரு லோடு தனியாக ஓட்டச் சொன்னார்கள். பக்கத்து இருக்கை காலி. பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, டிகரைக் கூப்பிட்டேன். டிகர்க்காரர் பதில் சொல்லி முடித்ததும் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. எனக்குத் தெரிந்த குரல். "27 பேசுகிறேன். தெளிவாகக் கேட்கிறது." அவ்வளவுதான். ரேடியோவில் அதற்கு மேல் பேசக் கூடாது, அவரும் பேசவில்லை.

சாயங்காலம் மெஸ்ஸில் அவரைப் பார்த்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது, அவருக்கு அது விளங்காது. என் தோளைத் தட்டிவிட்டு, "போய்த் தூங்கு" என்றார்.

மெஸ்ஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். போன வாரம் என் தட்டில் சோறு வைக்கும்போது, டிரக் ஸ்டியரிங் கனமாக இருக்குமா என்று கேட்டாள். அடுத்த ஸ்விங்கில் ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ரோடு போட இங்கே மண்ணுக்குப் பஞ்சமில்லை.

இனி உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சமையலறை மேல்தட்டில் 11 டப்பா இருக்கிறது. சாம்பார், தயிர்சாதம், இடியாப்பம் என்று நீங்கள் மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்பியவை. சிலவற்றில் பெயர் ஒட்டியிருக்கிறது, மற்றதில் ஒட்டின பேப்பர் கழுவிக் கழுவிப் போய்விட்டது. வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க எனக்கு இத்தனை நாள் மனசும் வரவில்லை, நிரப்பிக் கொடுக்கக் கையிலும் இல்லை. சனிக்கிழமை அதிரசம் சுடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நிற்பேன். அவரவர் டப்பாவை அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை