பயண முக்காலியும் கால்களின் தடிமனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணத்துக்கு ஏற்ற, எடை குறைந்த கேமரா முக்காலிகளை அறிமுகப்படுத்தி அண்மையில் தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளியான குறிப்பைப் படித்தேன். ஒவ்வொரு முக்காலியின் எடையும், அது தாங்கும் எனத் தயாரிப்பாளர் கூறும் பாரமும், மடித்து வைக்கும்போது அதன் நீளமும் அதில் தரப்பட்டிருந்தன. கேமரா அசையாமல் நிற்குமா என்பதுதான் முக்காலி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த மூன்று எண்களில் ஒன்றுகூட அதற்கு விடை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஐந்து அடுக்குக் கால்களும் கொண்ட ஒரு முக்காலியை, எட்டு கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை நம்பி வாங்கினேன். என் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒன்றரை கிலோவைத் தாண்டாது. முதல் பயணத்தில், காற்றே இல்லாத ஒரு விடியற்காலையில் எடுத்த படங்கள் என்னைக் குழப்பின. இருள் பிரியுமுன் 30 விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தவை கூர்மையாக இருக்க, வெளிச்சம் ஏறிய பின் 1/8 விநாடியில் எடுத்தவை எல்லாம் மங்கிக் கிடந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. பொத்தானை விரலால் அழுத்தியவுடன் மெல்லிய கால்களில் எழும் அதிர்வு அடங்க ஓரிரு விநாடிகள் ஆகின்றன; 1/8 விநாடிப் படம் தொடக்கம் முதல் முடிவு வரை அந்த அதிர்வுக்குள்ளேயே பதிவாகிவிடுகிறது, 30 விநாடிப் படத்திலோ அந்த நடுக்கம் நின்றபின் சேரும் வெளிச்சமே மிகுதி என்பதால் அதன் சுவடு தெரிவதில்லை. முக்காலி முறியவும் இல்லை, சரியவும் இல்லை; எட்டு கிலோ என்ற எண் பொய் என்றும் நான் சொல்லமாட்டேன். அது விழாமல் தாங்கும் பாரத்தைச் சொல்கிறதே தவிர, ஆடாமல் நிற்கும் நிலையைச் சொல்லவில்லை. கேமராவின் அடியில் பொருந்தும் 1/4 அங்குலத் திருகுக்கு உலகப் பொதுத்தரம் உண்டு. அதனால்தான் எந்த நிறுவனத்தின் கேமராவும் எந்த முக்காலியிலும் உட்காருகிறது. தாங்கும் பாரத்தை அளப்பதற்கோ எல்லாத் தயாரிப்பாளர்களும் ஏற்றுக்கொண்ட ஒரே முறை இல்லை. ஆகவே இரண்டு நிறுவனங்களின் பார எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

நிலைத்தன்மையைத் தீர்மானிப்பவை முதன்மையாகக் காலின் தடிமனும் நீளமும்தான். சுவரின் கனம் மாறாமல் ஒரு குழாயின் விட்டத்தை 20 மில்லிமீட்டரிலிருந்து 25 ஆக உயர்த்தினால் அதன் எடை கால் பங்கு கூடுகிறது. வளையாமல் எதிர்த்து நிற்கும் வலுவோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, ஏனென்றால் அந்த வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. நீளத்திலும் இதே கணக்கு வேறு வழியில் வருகிறது: ஒரே தடிமனுள்ள காலை ஐந்தில் ஒரு பங்கு குட்டையாக்கினாலே, அதே விசைக்கு அது வளையும் அளவு பாதியாகிவிடும். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்பவர் உயரத்தை விட்டுக்கொடுக்கலாம், தடிமனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். சந்தையிலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஆளுயரமும் வேண்டும், பைக்குள் அடங்கவும் வேண்டும் என்ற இரட்டை ஆசைக்காகக் கால்களை நான்கு, ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ளதைவிட 3 முதல் 4 மில்லிமீட்டர் மெலிந்திருந்தால்தான் உள்ளே நுழையும். மேலே 25 மில்லிமீட்டரில் தொடங்கும் கால், ஐந்தாம் அடுக்கில் ஒரு பென்சிலைவிடச் சற்றே பருமனானதாகத் தரையைத் தொடுகிறது. கடையில் நாம் தொட்டுப் பார்ப்பது மேலடுக்கை. ஆடுவது கீழடுக்கு.

கேமராவை இன்னும் மேலே உயர்த்த முக்காலியின் நடுவில் இருக்கும் நடுத்தண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் 150 சென்டிமீட்டர் என்று காணும் உயரத்தில் 25 அல்லது 30 சென்டிமீட்டர் அந்தத் தண்டை முழுதும் உயர்த்திப் பெற்றதாக இருக்கக்கூடும். உயர்த்திய தண்டு, மூன்று கால்களின் மேல் நட்டுவைத்த ஒற்றைக் கால்தான். அதை மிக அவசரத்துக்கு மட்டுமே உயர்த்த வேண்டும் என்பதால், வாங்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காமல் உயரத்தைப் பார்ப்பதே முறை. கால்கள் மட்டும் 115 அல்லது 120 சென்டிமீட்டர் உயர்ந்தால், கேமராவை வேண்டிய பக்கம் திருப்புவதற்காக மேலே பொருத்தும் பால் ஹெட் என்ற உருண்டைத் தலையும் கேமராவும் சேர்ந்து லென்ஸை ஏறத்தாழ மார்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். சாய்த்துப் பார்க்கும் திரை பல கேமராக்களில் வந்துவிட்ட இக்காலத்தில், வியூஃபைண்டரைக் கண்ணுக்கு நேராக வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் பலருக்கு இல்லை. குனிவதால் முதுகு வலிக்கும் என்பவரும், வேலிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் மேலாகப் படமெடுப்பவரும் இதை ஏற்கமாட்டார்கள். மலைச்சரிவில் ஒரு காலை மிக நீட்ட வேண்டிவரும் என்பதும் உண்மையே. அத்தகையோர் உயரமான முக்காலியின் எடையைச் சுமப்பதே நல்லது. மெல்லிய கால்களில் உயரத்தைத் தேடுவது அவர்களுக்கும் பயன் தராது.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்ற விவாதத்துக்குத் தங்கள் குறிப்பு பெரும் இடம் அளித்திருந்தது. கார்பன் ஃபைபர் எடை குறைந்தது, அதிர்வை விரைவில் அடக்குவது, கடுங்குளிரில் தொட்டால் கையை அவ்வளவாக விறைக்க வைக்காதது. அலுமினியம் விலை குறைந்தது. ஆனால் தடித்த கால்களுள்ள அலுமினிய முக்காலி, மெலிந்த கால்களுள்ள கார்பன் முக்காலியைவிட உறுதியாக நிற்கும். நீட்டிய அடுக்குகளை இறுக்கி நிறுத்தும் பூட்டுகளில், முறுக்கும் வகைக்கு நீட்டிக்கொள்ளும் உறுப்புகள் இல்லாததால் பையில் சிக்காது, மடக்கும் நெம்பு வகையோ பூட்டியிருக்கிறதா என்பதைப் பார்த்தவுடன் காட்டிவிடும், இரண்டிலும் குறையில்லை. கடற்கரை மணலிலும் உப்பு நீரிலும் நிறுத்துபவர்கள் மட்டும், மிகக் கீழுள்ள அடுக்கை முதலில் முழுதும் நீட்டிக்கொண்டால் பூட்டுகள் மணலுக்கும் நீருக்கும் மேலே தப்பிக்கும் என்பதையும், பிறகு நன்னீரில் அலசிக் காயவைக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேமராக்களிலேயே நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி வந்துவிட்ட பிறகு முக்காலி எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அகலக் கோண லென்ஸுடன் அரை விநாடிவரைகூடக் கையிலேயே பிடித்து எடுக்க முடிகிறது என்பதை நானும் கண்டிருக்கிறேன். என்றாலும் நட்சத்திரங்களையும், பட்டுப்போல் வழியும் அருவியையும், ஒரே சட்டகத்தில் வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்துப் பின்னர் இணைக்கும் படங்களையும் கையில் பிடித்து எடுப்பது எளிதன்று. பகல் வெளிச்சத்தில் மட்டும் படமெடுப்பவருக்கு முக்காலியே தேவையில்லை என்பதையும் தயங்காமல் எழுதியிருக்கலாம். அருங்காட்சியகங்கள் பலவற்றில் முக்காலியை அனுமதிப்பதும் இல்லை. கைக்குள் அடங்கும் சிறு முக்காலியோ, சுவரின் மேல் வைத்துக் கேமராவை அமர்த்தும், சிறு மணிகள் நிரப்பிய ஒரு பையோ அவர்களில் பலருக்குப் போதும்.

ஏற்கெனவே மெல்லிய முக்காலியை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடைசி அடுக்கை நீட்டாமல், நடுத்தண்டை இறக்கி வைத்து, பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்துப் படமெடுக்கும் டைமரை இரண்டு விநாடிக்குப் பதிலாகப் பத்து விநாடிக்கு வைத்தாலே பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. என் பழைய முக்காலி அப்படித்தான் இன்னும் உழைக்கிறது. காற்று வீசும்போது தண்டின் அடியிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடுவோர், அது தரையைச் சற்றுத் தொட்டுக்கொண்டிருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை முக்காலியையும் சேர்த்தே ஆட்டும்.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, நடுத்தண்டை உயர்த்தாத நிலையில் முக்காலியின் உயரத்தையும், கால்களின் கடைசி அடுக்கின் விட்டத்தையும் எடைக்குப் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி அடுக்கின் விட்டத்தைத் தயாரிப்பாளர் தெரிவிக்காவிட்டால், அதை அளக்க ஓர் அளவுகோல் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்