அம்மா வர்றதுக்குள்ள டெக்கை பாத்துடு

டேய் சரவணா,

அம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு நல்லா நடக்குறாங்கன்னு கேட்டதும்தான்டா நிம்மதி. மே மாசம் நியூ ஜெர்சிக்கு கூட்டிட்டு வர்றேன்ற, டெக்கோட (வீட்ட ஒட்டுன மரத்தளம்) ரெயிலிங் வேற ஆடுதுன்ற, அத மட்டும் தள்ளிப் போடாதடா.

எங்க வீட்லயும் இதே கதைதான், போன வருஷம் அப்பா ரெயிலிங்ல சாஞ்சு நின்னப்ப அத தாங்குற போஸ்ட் அப்படியே வெளிப்பக்கம் சாஞ்சுது, எனக்கு உயிரே போயிடுச்சு. கீழ குனிஞ்சு பாத்தா போஸ்ட்ட பாதி செதுக்கி ரெண்டே ரெண்டு ஸ்க்ரூல நிறுத்திருக்காங்க. நாலுக்கு நாலு இன்ச்னு விக்கிற மரமே நெஜத்துல மூணரை இன்ச்தான், அதுல பாதிய செதுக்கிட்டா என்னடா மிஞ்சும்?

மேல கைப்பிடில 200 பவுண்ட் தள்ளுனா தாங்கணும்னு கோட் (வீடு கட்டுற விதிமுறை) சொல்லுது. ஆனா போஸ்ட்டோட 36 இன்ச் உயரம் கடப்பாறை மாதிரி நெம்பும், அடில இருக்குற போல்ட்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல இழுப்பு வரும். அதனால போஸ்ட்ட செதுக்காம முழுசா வச்சு, ரெண்டு அரை இன்ச் போல்ட் ஊடால போட்டு, மேல் போல்ட்ட இரும்பு பிராக்கெட்டால உள்ள தளத்த தாங்குற விட்டம், அதான் ஜாய்ஸ்ட், அதோட கட்டுனேன். ஓரப்பலகைய மட்டும் நம்பக்கூடாது, அது ஆணியோட பிடுங்கிக்கும். போல்ட் எல்லாம் ஹாட் டிப் கால்வனைஸ்ட்தான் (உருக்குன துத்தநாகத்துல முக்குனது) வாங்கணும், மரம் உளுத்துப் போகாம இருக்க 2004லேர்ந்து வீட்டு மரத்துல ஆர்சனிக்க விட்டுட்டு காப்பர் மருந்துதான் ஜாஸ்தி ஏத்துறாங்க, சாதா இரும்ப அது சீக்கிரமே அரிச்சிடும்.

போஸ்ட்டுக்கு போஸ்ட் ஆறடிக்கு மேல விடாத. குச்சிங்களுக்கு நடுவுல நாலு இன்ச் பந்து நுழையக்கூடாது, உன் பொண்ணு தவழ ஆரம்பிச்சுட்டால்ல, அந்த கேப்ப நீயே டேப் வச்சு அளந்து பாரு. டவுன்ஷிப்ல பெர்மிட் வேணுமான்னும் கேட்டுக்கோ, எங்க ஊர்ல இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு போஸ்ட்டையும் புடிச்சு ஆட்டி பாத்துட்டுதான் போனார்.

அம்மாவுக்கு முக்கியம் படிக்கட்டுதான்டா. அகலமான பலகைய படுக்க வச்சு கைப்பிடின்னு விட்ருப்பாங்க, விரல் சுத்திப் புடிக்க முடியாது. ஒன்றரை இன்ச் உருண்டை கைப்பிடியா, 34லேர்ந்து 38 இன்ச் உயரத்துக்குள்ள, ரெண்டு பக்கமும் போடு. கோட் ஒரு பக்கம் போதும்னுதான் சொல்லும், ஆனா ஏறும்போது வலது பக்கம் இருக்குற கைப்பிடி எறங்கும்போது இடது பக்கம் போயிடும் அவங்களுக்கு.

சாமான் வாங்குறதுக்கு முன்னாடி டெக்குக்கு அடில போய் போஸ்ட் சேர்ற எடத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஏப்ரல்ல ஒரு சனி ஞாயிறு நானே ட்ரில்லோட வர்றேன்.

உன்,
முருகன்