சி.ஆர்.பி. அளவும் இரத்தக் கொதிப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரத்தத்தில் சி.ஆர்.பி. (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்னும் புரதம் கூடுதலாக இருந்தால் பின்னாளில் இரத்தக் கொதிப்பு வரும் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் இந்தப் பரிசோதனையைச் செய்து ஓய்வுபெற்றவன் நான். கட்டுரை தவறன்று, பாதியில் நின்றுவிட்டது என்பதே என் குறை.

உடலில் எங்கேனும் அழற்சி (தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை) ஏற்பட்டால் சில மணி நேரத்திலேயே கல்லீரல் இப்புரதத்தை இரத்தத்தில் சேர்க்கத் தொடங்கிவிடும். நான் பணியில் சேர்ந்த காலத்தில், கறுப்புக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு சீரமும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இப்புரதம் பட்டால் திரளும் லேடெக்ஸ் கரைசல் ஒரு சொட்டும் விட்டு, இரண்டு நிமிடம் மெல்லச் சாய்த்து ஆட்டி, ரவை ரவையாகத் திரள்கிறதா என்று விளக்கடியில் பார்ப்போம். லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அதில் ஒன்றும் தெரியாது. கட்டுரை பேசுவதோ 1, 3 என்ற அளவிலான நுண்ணிய வேறுபாடுகளைப் பற்றி. அதற்கென உள்ள, நுண்ணிய அளவையும் காட்டும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. பரிசோதனையைச் சளியோ சீழ்க்கட்டியோ இருக்கும்போது எடுத்தால், வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அளவு 10ஐத் தாண்டினால் தொற்று எங்கே என்று தேட வேண்டும், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2003லேயே சொல்லிவிட்டது.

அதே 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வைத்தான் கட்டுரையாளர் மனத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். 45 வயதும் அதற்கு மேலும் ஆன, தொடக்கத்தில் இரத்த அழுத்தம் சரியாக இருந்த 20,525 பெண்களை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்ததில் 5,365 பேருக்கு இரத்தக் கொதிப்பு வந்தது. சி.ஆர்.பி. மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட, மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஆபத்து இரண்டரை மடங்கு. ஆனால் உடல் எடை முதலியவற்றையும் கணக்கில் எடுத்தவுடன் அது ஒன்றரை மடங்காக இறங்கிவிட்டது. காரணம் எளிது: தொப்பைக் கொழுப்பே கல்லீரலைத் தூண்டி இப்புரதத்தைச் சுரக்க வைக்கும், அதே கொழுப்பு இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பின்னர், மாரடைப்பு வந்த 10,061 பேருக்கு அழற்சியைக் குறைக்கும் ஊசி மருந்தைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். சி.ஆர்.பி. நன்றாக இறங்கியது, மாரடைப்பும் சற்றுக் குறைந்தது. இரத்த அழுத்தமோ இறங்கவில்லை. ஆகவே இப்புரதம் கொதிப்புக்குக் காரணம் என்பதைவிட, கூடவே நடந்து வரும் நிழல் என்பதே பொருத்தம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர். கடைவாய்ப் பல்லில் சீழ்பிடித்துக் கன்னம் வீங்கியிருந்த நேரத்தில், தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். சி.ஆர்.பி. 14 என்றும் அதன் அருகே தடித்த எழுத்தில் 'ஹெச்' (அதிகம் என்பதன் குறி) என்றும் அச்சாகியிருந்தது. கட்டுரையையும் படித்திருந்தவர், அழற்சியை அடக்கினால் கொதிப்பு வராது என்று தாமே முடிவு செய்து, மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் பத்து நாள் விழுங்கினார். அவ்வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய தாயாருக்காக 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் பணியாளர், இவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது 152/94 இருந்தது. முந்தைய மாதம் 128/82. பல்லைப் பிடுங்கி, மாத்திரையை நிறுத்தி, மூன்று வாரம் கழித்துப் பார்த்ததில் சி.ஆர்.பி. 2க்கும், அழுத்தம் 130/84க்கும் வந்துவிட்டன.

சில ஆய்வகங்கள் இதே அளவை லிட்டருக்குப் பதில் டெசிலிட்டர் (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) கணக்கில் அச்சிடுகின்றன; அங்கே 0.3 என்பது லிட்டர் கணக்கில் 3. இரண்டு தாள்களை ஒப்பிட்டுக் குழம்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த மருத்துவப் பக்கத்தில் இந்த அலகு வேறுபாட்டையும், காய்ச்சல், தொற்று உள்ள நாட்களில் இப்பரிசோதனையை எடுக்கக் கூடாது என்பதையும் ஒரு சிறு கட்டத்திலாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
தஞ்சாவூர்.